பதினோராம் நம்பர் பூட்ஸ்

கணபதியப்பன் முதலாளியின் மேசையில் இரண்டு பொருள்கள் இருந்தன. ஒன்று, பதினைந்து பெயர்கள் எழுதிய காகிதம். இன்னொன்று, தார்ப்பாயில் சுற்றிக் கயிறு கட்டிய பொட்டலம்.

"ரெண்டுல எதை முதல்ல பாக்கணும்?" என்று கேட்டார் அழகம்மை டீச்சர்.

"பேப்பரைப் பாருங்க. பொட்டலம் பொறவு," என்றார் முதலாளி.

நான் டீச்சரின் நாற்காலிக்குப் பின்னால் நின்றேன். துப்பறிகிறவருக்கு நாற்காலி, உதவியாளனுக்குச் சுவர். மூன்று வருடமாக இதுதான் ஏற்பாடு. டீச்சர் முன்பு பெண்கள் பள்ளியில் ரசாயனம் நடத்தினவர். பரீட்சைக் கேள்வித்தாள் திருட்டு ஒன்றை அரை மணி நேரத்தில் கண்டுபிடித்தார். அதற்குப் பிறகு ஊர் துப்புக் கேட்டு வந்து அவரைப் பாடம் நடத்த விடவில்லை. இப்போது நாகர்கோவில் வடசேரியில் ஒரு மாடியறை, வாசலில் ஒரு பெயர்ப்பலகை. பலகையில் அவர் பெயர் மட்டும்தான். ரசலையன் என்ற என் பெயரை எழுத இடம் போதவில்லையாம்.

முதலாளிக்குப் பன்னிரண்டு பஸ். ஆனால் பஸ்ஸைவிட அவருடைய கால்பந்து அணிதான் அவருக்குப் பெரிது. ஆட்டக்காரர்களுக்கு மாதச் சம்பளம் உண்டு. காகிதத்தில் அவர்கள் செக்கர், புக்கிங் கிளார்க். உண்மையில் வேலை பந்தடிப்பது. சித்திரையோடு ஆட்டங்கள் முடியும். ஆனி மழையில், அடுத்த வருடத்துக்கு யாரை வைப்பது, யாரை அனுப்புவது என்று பட்டியல் போடுவார்கள். பஸ் ஷெட் சுவரில் பட்டியலை ஒட்டிவிட்டால் அப்புறம் மாற்றும் வழக்கமில்லை. இன்று மாலை ஐந்து மணிக்கு ஒட்ட வேண்டும்.

இந்த அணியில் நானும் ஆடியிருக்கிறேன். ஐந்து வருடத்துக்கு முன்னால், இதே ஆனி மாதத்தில், ஒட்டின பட்டியலில் என் பெயர் இல்லை. காரணம் யாரும் சொல்லவில்லை. என் முழங்கால் சொல்லியிருக்கும்.

டீச்சர் காகிதத்தை எடுத்தார். கால்பந்தைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. அது உருண்டை என்பது தெரியும்.

"யாரு எழுதினது?"

"நான்தான்." ஜன்னலோரம் நின்ற தாணப்பன் சொன்னார். அணியின் கேப்டன். நெட்டையான மனிதர், நடு முன்களம்.

"முதல் பேரு பொன்னுலிங்கம். கோலி. போன வருசம் எத்தனை கோல் விட்டாரு?"

"முப்பத்தொண்ணு."

"அப்ப ஏன் வச்சிருக்கு?"

முதலாளி செருமினார். "நல்ல டிரைவராக்கும். எனக்க காரை அவன்தான் ஓட்டுகான்."

"பந்தைத் தவிர எல்லாத்தையும் நிறுத்துவான்," என்றேன்.

டீச்சர் திரும்பிப் பார்க்கவில்லை. "ரெண்டாவது, வலது பின்களம். வயசு முப்பத்தெட்டு."

"அனுபவம் டீச்சர்," என்றார் தாணப்பன்.

"ஓடிப் போறவனை அனுபவம் விரட்டிப் பிடிக்குமா?"

டீச்சர் இப்படியே பட்டியலில் கீழே இறங்கினார். ஒருவர் முதலாளியின் மருமகனுக்குக் கூட்டாளி. ஒருவர் கல்யாணம் ஆனவர், பாவம். ஒருவரை எதற்காக வைத்திருக்கிறார்கள் என்பது எழுதியவருக்கே மறந்துபோயிருந்தது. கடைசிப் பெயரில் டீச்சரின் விரல் நின்றது.

"இடது ஓரம், ஆபேல். கொச்சி. புது ஆளு. போன வருசம் இந்த இடத்துல யாரு?"

"பதினோராம் நம்பரை எடுத்துட்டு கொச்சிக்காரனா?" என்றேன் நான். எனக்கு முன்பே தெரியும். இருந்தாலும் கேட்டேன்.

"செல்வன்," என்றார் முதலாளி. "குளச்சல் பையன். பத்தொன்பது கோல் அடிச்சான்."

"நீங்க?" டீச்சர் தாணப்பனைக் கேட்டார்.

"பதினொண்ணு." அந்த எண்ணை அவர் மெல்ல முடியாத எதையோ துப்புவது போலச் சொன்னார்.

விஷயம் இதுதான். போட்டிக் கமிட்டி புது விதி போட்டிருந்தது. வருகிற பருவத்திலிருந்து பூட்ஸ் இல்லாமல் யாரும் மைதானத்தில் இறங்கக்கூடாது. அதுவரை பாதிப் பேர் வெறுங்காலில் துணியைச் சுற்றிக்கொண்டுதான் ஆடினார்கள். செல்வன் கடற்கரை மணலில் ஓடிப் பழகினவன். அவனுக்குத் துணியும் தேவைப்பட்டதில்லை. வியாழக்கிழமை எல்லாருக்கும் பூட்ஸ் கொடுத்தார்கள். சனிக்கிழமை மழையில் பூட்ஸோடு சோதனை ஆட்டம். செல்வன் மூன்று முறை வழுக்கி விழுந்தான். அடித்த பந்து ஒன்றும் நேராகப் போகவில்லை. பூட்ஸைக் கழற்றி எறிந்துவிட்டு பஸ் ஏறிப் போனவன் திரும்பவில்லை.

"மத்தவங்க விழலையா?"

"ஒரு தடவை, ரெண்டு தடவை. அவன் நின்னதே கொறவு," என்றார் தாணப்பன். "எல்லாரும் பாத்தோம். ரசலையனும் இருந்தாரே, எல்லைக் கோட்டுல கொடி பிடிச்சுக்கிட்டு."

டீச்சர் காகிதத்தை மடித்தார். "முதலாளி, இந்தப் பட்டியல்ல பதினாலு பேரை வச்சதுக்கு ஒழுங்கான காரணம் இல்லை. ஒருத்தனை நீக்குனதுக்கு மட்டும் பலமான காரணம் இருக்கு. எனக்கு அதுதான் இடிக்குது."

"எனக்கும் இடிச்சுது. அதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டேன்." முதலாளி மேசை இழுப்பறையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்தார். "திங்கக்கிழமை தபால் பெட்டியில கிடந்துது. பேரு இல்லை."

சீட்டில் பெரிய, கோணல் எழுத்து. இடது கையால் எழுதினது போல இருந்தது. *பதினோராம் நம்பரின் பூட்ஸைப் பாருங்கள். குற்றம் அவன் மேல் இல்லை.*

"பாத்தீங்களா?"

"இல்லை. அவன் எறிஞ்சுட்டுப் போனதை வாட்ச்மேன் அப்பவே தார்ப்பாயில சுத்தி ஷெட்டுல போட்டிருந்தான். இப்பத்தான் எடுத்துட்டு வந்தான்."

முதலாளி பொட்டலத்தை எங்கள் பக்கம் தள்ளினார். கயிறு இன்னும் அவிழ்க்கப்படவில்லை.

"என்ன முதலாளி, நாலு நாள் ஆகியும் நாத்தம் போகலையா?" என்றேன்.

தாணப்பன் சிரித்தார். முதலாளி சிரித்தார். டீச்சர் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

தார்ப்பாய் விலகியதும் அறையே குளச்சல் கடற்கரை ஆகிவிட்டது. முதலாளி மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டார். பூட்ஸ் கறுத்து, கனத்து, ஊறிப்போய்க் கிடந்தது. அடியில், வழுக்காமல் இருக்க, தோலை அடுக்கி ஆணி அடித்த குமிழ்கள் ஆறு இருக்க வேண்டும். நாலுதான் இருந்தன. டீச்சர் ஒன்றைப் பெருவிரலால் அழுத்தினார். அவித்த மரச்சீனிக் கிழங்கு போல அமுங்கியது.

"மீனெண்ணெய். உள்ளேயும் வெளியேயும். தோல் எண்ணெயில ஊறினா இளகிரும். இதைப் போட்டுக்கிட்டு மழையில ஓடுனா, நான் ஓடினாலும் விழுவேன், யாரு ஓடினாலும் விழுவாங்க."

"ஆரோ வேணும்னு செஞ்சிருக்கான்!" முதலாளி எழுந்துவிட்டார்.

நான் என் காலைத் தூக்கி பூட்ஸ் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். "பதினோராம் நம்பருக்கும் எனக்கும் ஒரே அளவு. அதிர்ஷ்டம்தான் வேற."

"அந்தக் காலத்துலேயே பூட்ஸ் போட்ட துரையாக்கும் இவரு," என்றார் தாணப்பன், டீச்சரிடம். "பட்டாளத்துக்காரன் ஒருத்தன்கிட்ட வாங்கிப் போட்டுக்கிட்டு வருவாரு. நாங்க எல்லாரும் சிரிப்போம்."

டீச்சர் சிரிக்கவில்லை. தாணப்பனையே பார்த்தார். "பத்தொன்பது கோல் அடிச்சவன் போனா உங்களுக்கு நல்லதுதானே?"

தாணப்பன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"பத்தொன்பதா பதினொண்ணா எது பெருசுன்னு எனக்கும் தெரியும் டீச்சர். கூட்டம் 'குளச்சல், குளச்சல்'னு கத்தும்போது எனக்க பேரு எனக்கே மறந்துபோகும். கோல் அடிச்சா ஓடிப்போய் அந்தக் குளச்சல்காரனைக் கட்டிப்பிடிப்பேன். அப்ப கொஞ்சம் அழுத்திப் பிடிப்பேன். அவ்வளவுதான் செஞ்சது. பூட்ஸைத் தொடல."

மேசை மேல் கூஜா இருந்தது. டீச்சர் விரலை நனைத்து பூட்ஸின் தோல் மேல் ஒரு சொட்டு விட்டார். சொட்டு உருண்டு கீழே விழுந்தது. நாடாவின் மேல் ஒரு சொட்டு விட்டார். அதை நாடா குடித்துவிட்டது.

"வாரும் ரசலையன். குளச்சல் பஸ் எத்தனை மணிக்கு?"

பஸ் இரணியலைத் தாண்டியது. மழை பஸ்ஸின் படுதாவில் அடித்தது.

"தாணப்பன்தான் டீச்சர். முகத்தைப் பாத்தேளா? பதினோராம் நம்பர் பேரைச் சொன்னாலே வாய் கோணுது," என்றேன்.

"அவரு நாகர்கோவில்காரரு. மீனெண்ணெய்க்கு எங்க போவாரு?"

"வாங்கியிருப்பாரு."

"ஒருத்தன் பூட்ஸைக் கெடுக்கணும்னா பிளேடால நாலு நூலை அறுத்தா போதும். எண்ணெய் வாங்கி, ஊற வச்சு, துடச்சு... இவ்வளவு மெனக்கெடுவாங்களா?"

அவர் கேட்டது சரிதான். அவர் கேட்பது எப்போதும் சரியாகத்தான் இருக்கும். அது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனுக்கு எவ்வளவு கஷ்டம் என்பது அவருக்குத் தெரியாது.

குளச்சலில் கடல் கறுத்துப் பொங்கிக்கொண்டிருந்தது. வள்ளங்களையெல்லாம் மணலில் ஏற்றி வைத்திருந்தார்கள். ஆனி மாதத்தில் கடலுக்கும் விடுமுறைதான். செல்வனின் வீடு தேவாலயத்துக்குப் பின்னால். ஒரே கூரை, நடுவில் ஓலைத் தட்டி. ஒரு பக்கம் செல்வன், மறுபக்கம் அண்ணன் ததேயுஸ். செல்வன் அண்ணனின் வள்ளத்தை விட்டு பந்தடிக்கப் போன நாளிலிருந்து இரண்டு வருடமாகத் தட்டிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பேச்சில்லை. ததேயுஸ் ஒரு ஆட்டத்துக்குக்கூட வந்ததில்லை. அணியில் எல்லாருக்கும் தெரிந்த கதை.

வாசலில் செல்வனின் மனைவி விக்டோரியா நின்றாள். எங்களைப் பார்த்ததும் இடுப்பில் கை வைத்தாள்.

"என்னா? பனியனைத் திருப்பி வாங்க வந்தேளா? தோச்சுப் போட்டிருக்கு. காயல. மழை."

"பதினோராம் நம்பர் உள்ள இருக்கானா?" என்றேன்.

"இங்க நம்பர் ஒண்ணும் கிடையாது. எனக்க மாப்பிள்ளை இருக்காரு. குப்புறக் கிடக்காரு. நாலு நாளா சோறு வேண்டாமாம். நாளைக்கு சாளை மீன் விக்கப் போகலாமான்னு கேக்காரு. பத்தொன்பது கோல் அடிச்ச காலால!"

டீச்சர் பையிலிருந்து பூட்ஸை எடுத்தார். விக்டோரியாவின் குரல் நின்றது.

"வியாழக்கிழமை சாயங்காலம் இது இங்க வந்துது. சனிக்கிழமை காலையில இங்கேருந்து போச்சு. நடுவில வெள்ளிக்கிழமை. அன்னைக்கு செல்வன் எங்க?"

"பஸ்ஸுல செக்கிங் டூட்டி. காலம்பர போனவரு ராத்திரிதான் வந்தாரு."

"பூட்ஸ்?"

"பெட்டிக்க மேல."

"யாரும் தொடலையா?"

"அந்த எருமைத் தோலை ஆரு தொடுவா?" என்றாள். ஆனால் கண் தட்டியைத் தாண்டி மணலுக்குப் போய்விட்டு வந்தது.

மணலில் ஓலைக் கூரையின் கீழ் ததேயுஸ் வள்ளத்தின் அடிப்பலகையில் துணியால் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். தோள் அகன்ற மனிதர். எங்களைப் பார்த்தும் கை நிற்கவில்லை. டீச்சர் பக்கத்தில் போய் நின்றார். கூரை விளிம்பிலிருந்து உள்ளங்கையில் பிடித்த மழைத்தண்ணீரைப் பலகை மேல் விட்டார். சொட்டு உருண்டு ஓடியது. முதலாளியின் மேசையில் ஓடினது போலவே ஓடியது.

"பதினோராம் நம்பர் பூட்ஸுக்கும் இதே எண்ணெய்தானோ அண்ணாச்சி?" என்றேன் சத்தமாக.

சத்தம் உள்ளே கேட்டிருக்க வேண்டும். செல்வன் வெளியே வந்தான். ஒல்லி உடம்பு, முழங்காலில் காய்ந்த புண். பூட்ஸைப் பார்த்தான். அண்ணன் கையிலிருந்த துணியைப் பார்த்தான்.

"நீயா?"

ததேயுஸ் துணியைக் கீழே வைத்தார்.

"நான் நாகர்கோவிலுக்குப் போன அன்னைக்கிலேருந்து உனக்குக் கண்ணுகடி! வள்ளத்துக்கு ஆள் கொறஞ்சுபோச்சுன்னு வயித்தெரிச்சல்! எல்லார் முன்னேயும் சேத்துல உருண்டேன்! கூலிக்குக் கூட்டிட்டு வந்த கோமாளின்னு ஒவ்வொருத்தனும் சிரிச்சான்!"

அவன் பாய்ந்தான். விக்டோரியா குறுக்கே விழுந்து அவன் கையைப் பிடித்தாள். ததேயுஸ் கையை ஓங்கவில்லை. தடுக்கவும் இல்லை.

எனக்கு நிம்மதியாக இருந்தது. ஆள் கிடைத்தாயிற்று. "கேஸ் முடிஞ்சுது டீச்சர். ரெண்டு மணி பஸ்ஸைப் பிடிக்கலாம்."

"நாடாவைப் பாரும்," என்றார் டீச்சர்.

"என்ன?"

"பூட்ஸ் முழுக்க எண்ணெய். ஓட்டைக்குள்ளேகூட எண்ணெய். நாடாவுல ஒரு துளி இல்லை. அப்படின்னா, எண்ணெய் போடுததுக்கு முன்னால நாடாவை உருவி எடுத்து வச்சிருக்காங்க. எண்ணெய் ஊறின பிறகு திரும்பக் கோத்திருக்காங்க. கோத்த விதத்தைப் பாரும். வலை பின்னுற கை. ஒரு கண்ணுகூடக் கோணல் இல்லை." பூட்ஸை செல்வனிடம் நீட்டினார். "கெடுக்க வந்தவன் நாடா அழுக்காகுமேன்னு கவலைப்படுவானாப்பா?"

செல்வன் பூட்ஸை வாங்கினான்.

"நான்தான் கொடுத்தேன்," என்றாள் விக்டோரியா. அழுதுகொண்டே கத்தினாள். "கடல்காத்துல தோலு வெடிச்சிருமேன்னு மூத்தவருகிட்ட கொண்டுபோய்க் கொடுத்தேன். எங்க வீட்டுல ஒருத்தருக்கும் செருப்பே கிடையாது. பூட்ஸை எப்படிப் பாத்துக்கணும்னு எந்த முதலாளி சொல்லித் தந்தான்?"

ததேயுஸ் முதல் தடவையாக வாய் திறந்தார். டீச்சரிடம் பேசினார், தம்பியிடம் அல்ல.

"எண்ணெய் போடாத வள்ளம் ஒரு மழைக்குத் தாங்காது. தோலும் அப்படித்தான்னு நெனச்சேன். வள்ளத்துக்குப் போடுதது சாளை எண்ணெய். இதுக்குச் சுறா எண்ணெய் வாங்கினேன். வெள்ளிக்கிழமை பகல் முழுக்க ஊற வச்சேன்."

"அப்பவே ஏன் சொல்லல?"

"சொன்னா நம்புவானா? இப்ப என்ன சொன்னான்னு கேட்டேளே." கீழே வைத்த துணியை எடுத்து மடித்தார். "கண்ணுகடி இல்லாம இல்ல. பதினாலு வருசம் எனக்க முன்னால உக்காந்து துடுப்புப் போட்டவன். அந்த இடத்துல இப்ப வேற எவனோ உக்காந்திருக்கான். ஆனா கெடுக்கணும்னு தோணல."

செல்வன் பூட்ஸை மூக்கருகே கொண்டுபோனான். "இந்த நாத்தம் எனக்குத் தெரியவே இல்லை," என்றான் மெதுவாக. "பூட்ஸே இப்படித்தான் இருக்கும்போலன்னு நெனச்சேன்."

எப்படித் தெரியும்? பிறந்ததிலிருந்து அவன் மூச்சு விடுவதே அந்த வாசனையில்தான்.

"அஞ்சு மணிக்குள்ள இன்னொரு சோதனை வைக்கச் சொல்லுதேன். சட்டையைப் போட்டுட்டு வா," என்றார் டீச்சர்.

"பூட்ஸ்?"

"அது நம்ம ரசலையன் பொறுப்பு."

நான் டீச்சரைப் பார்த்தேன். அவர் ஏற்கெனவே நடக்க ஆரம்பித்திருந்தார்.

பஸ்ஸில் செல்வன் முன் இருக்கையில் போய் உட்கார்ந்தான். நாங்கள் பின்னால்.

"காலையில முதலாளி முன்னால ஒரு தமாஷ் சொன்னீரே," என்றார் டீச்சர். "நாலு நாள் ஆகியும் நாத்தம் போகலையான்னு."

"சிரிப்பு வரலையா?"

"வந்துது. அப்ப பொட்டலம் கட்டி இருந்துது. அது நாறும்னு முதலாளிக்குத் தெரியாது. தாணப்பனுக்குத் தெரியாது. போட்டு ஓடினவனுக்கே தெரியாது. உமக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?"

நான் வெளியே பார்த்தேன். தென்னை மரங்கள் பின்னால் ஓடின.

"அப்புறம் அந்தச் சீட்டு. முதலாளி அவனைச் செல்வன்னு சொல்லுதாரு. தாணப்பன் குளச்சல்காரன்னு சொல்லுதாரு. அந்தப் பொண்ணு எனக்க மாப்பிள்ளைன்னு சொல்லுதா. அவனை நம்பர் சொல்லிக் கூப்பிடுத ஆளு ஒருத்தர்தான். காலையிலேருந்து அஞ்சு தடவை சொல்லியாச்சு நீரு. அந்த நம்பரை அவனுக்கு முன்னால போட்டிருந்தவருக்கு அவன் பேரைச் சொல்ல நாக்கு வரல."

இதுவரை நான் ஒரு விஷயத்தைச் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

சனிக்கிழமை மூன்றாவது முறை செல்வன் விழுந்தது கோட்டோரம், என் காலடியில். பூட்ஸ் ஒன்று கழன்று உருண்டு வந்தது. எடுத்துக் கொடுத்தது நான்தான். என் கையெல்லாம் எண்ணெய். பெருவிரல் பட்ட இடத்தில் குமிழ் அமுங்கியது. பூட்ஸ் போட்டு ஆடினவன் நான். எனக்கு உடனே புரிந்தது. கொடியைத் தூக்கியிருக்கலாம். ஆட்டத்தை நிறுத்தியிருக்கலாம். பூட்ஸைக் கொடுத்துவிட்டு, கையைக் கொடித் துணியில் துடைத்துக்கொண்டு, "எழும்பி ஓடு மக்கா" என்றேன். அவன் நான்காவது பந்தையும் வெளியே அடித்தான். என் நெஞ்சுக்குள் யாரோ கைதட்டினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சோறு இறங்கவில்லை. திங்கட்கிழமை இடது கையால் அந்தச் சீட்டை எழுதினேன்.

"தெரிஞ்சும் காலையிலேருந்து கூட்டிக்கிட்டு அலைஞ்சேளே," என்றேன்.

"நீரு எப்ப சொல்லுவீருன்னு பாத்தேன். அங்க ரெண்டு பேரு அடிச்சுக்கப் போனபோது சொல்லுவீருன்னு நெனச்சேன். நீரு பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு சொன்னீரு."

அதற்கு என்னிடம் தமாஷ் இல்லை.

"முதலாளிகிட்ட நீரே சொல்லணும்."

"சொல்லாட்டா?"

"நான் சொல்லுவேன். நான் சொன்னா சுருக்கமா இருக்கும். அதான் யோசிக்கேன்." கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "உம்ம பழைய பூட்ஸ் இன்னும் இருக்கா?"

"டிரங்குப் பெட்டியில."

"என்ன நிலைமையில?"

"மாசம் ஒருக்க எடுத்து பாலிஷ் போடுவேன்." பிறகு, அவர் கேட்பதற்கு முன்பே சொன்னேன். "நாடாவை உருவிட்டுத்தான்."

நாலரை மணிக்கு மைதானத்தில் தூறல் இருந்தது. முதலாளி குடையின் கீழ் நின்றார். அவர் கையில் பட்டியல், பக்கத்தில் பசைச் சட்டி. தாணப்பன் பந்தைக் காலால் உருட்டிக்கொண்டிருந்தார்.

நான் சொன்னேன். டீச்சர் சொல்லியிருந்தால் இரண்டு வாக்கியம். எனக்கு ஏழெட்டு ஆனது.

"ஏன்டே?" என்றார் முதலாளி. கோபத்தைவிட ஆச்சரியம் அதிகமாக இருந்தது.

"எனக்க இடத்துல ஆடுகான் முதலாளி. என்னைவிட நல்லா ஆடுகான்."

"இனி நீ கோட்டுல கொடி பிடிக்கக் கூடாது."

"சரி முதலாளி."

"ஓய்," என்றார் தாணப்பன், எனக்கு மட்டும் கேட்கும்படி. "எனக்கும் அதே சீக்குதான். ஆனா எனக்க கையில எண்ணெய் படல, தப்பிச்சேன்."

செல்வன் என் பூட்ஸைப் போட்டுக்கொண்டு நின்றான். காலைத் தூக்கித் தூக்கி வைத்தான், கடன் வாங்கின கால் போல. என் கால் அளவுதான். குனிந்து நாடாவை இறுக்கிக் கட்டிவிட்டேன்.

முதல் பந்து. தாணப்பன் உருட்டிவிட்டார். செல்வன் ஓடினான், அடித்தான். பந்து பஸ் ஷெட் கூரையில் விழுந்தது. உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அரை நிமிடம் இருந்தது.

"கால் விரல் நுனியால அடிக்காதே," என் வாய் தானாகக் கத்தியது. "பூட்ஸ் போட்டா அது ஆகாது! பாதத்தைத் திருப்பு! நாடா பந்துல படணும்!"

அவன் தலையாட்டினான். இரண்டாவது பந்து கோலுக்கு முன்னால் வளைந்து வந்தது. தாணப்பன் தலையால் முட்டினார். பொன்னுலிங்கம் அதை நிறுத்தவில்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

மூன்றாவது பந்தை அவன் யாருக்கும் கொடுக்கவில்லை. இடது ஓரத்தில் சேற்றைக் கிழித்துக்கொண்டு ஓடினான். வழுக்கவில்லை. உள்ளே திரும்பினான். நான் ஆறு வருடம் முயன்றும் வராத திருப்பம் அது. நாடா பட்ட சத்தம் இங்கே வரை கேட்டது. வலை பின்னால் போய்த் திரும்பி வந்தது.

முதலாளி கைதட்டினார். தாணப்பன் ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தார், கொஞ்சம் அழுத்தி. நானும் கைதட்டினேன். எல்லாரும் நிறுத்திய பிறகு.

"சொல்லுங்க டீச்சர்," என்றார் முதலாளி, பட்டியலை நீட்டி. "எனக்க பட்டியல் சரியா, தப்பா?"

"தப்பான பட்டியல்னு சொல்ல மாட்டேன். தப்பான சோதனையை நம்பிப் போட்ட பட்டியல்."

தாணப்பனே பென்சிலை வாங்கினார். கொச்சி ஆபேலின் பெயரை அடித்தார். அவனுக்கு இன்னும் தந்தி போகவில்லை. மேலே எழுதினார்: செல்வன். அந்தப் பெயரை எழுத அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. மணி ஐந்தாக மூன்று நிமிடம் இருக்கும்போது பசை பூசினார்கள்.

"கோலியையும் பாத்து மாத்தலாம்," என்றார் டீச்சர். "ஆனா அது எனக்குக் கொடுத்த வேலை இல்லை."

நான் ஷெட் படியில் உட்கார்ந்திருந்தேன். டீச்சர் என்னைத் தாண்டிப் போகும்போது நின்றார்.

"நாளைக்கு ஒம்பது மணிக்கு வாரும்."

"வரணுமா?"

"பொறாமை எப்படி வேலை செய்யும்னு இவ்வளவு கிட்டத்துலேருந்து தெரிஞ்ச ஆளு எனக்கு வேற எங்க கிடைப்பாரு?" குடையை விரித்தார். "பலகையில பேரு போடுததைப் பத்தி அடுத்த ஆனியில யோசிப்போம்."

செல்வன் வந்தான். பூட்ஸைக் கழற்றி, சேற்றைத் தன் வேட்டித் தலைப்பால் துடைத்துக் கொண்டுவந்திருந்தான். இரண்டு கையாலும் நீட்டினான்.

"அண்ணாச்சி, நீங்க பாத்தும் சொல்லலைன்னு முதலாளி சொன்னாரு."

"ஆமா."

அவன் என்னைப் பார்த்தான். திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நாடா படணும்னு சொன்னதும் நீங்கதான்," என்றான். "நீங்க சொல்லாட்டா மூணாவது பந்தும் கூரைக்குத்தான் போயிருக்கும்."

நான் பூட்ஸை வாங்கினேன். உள்ளே இன்னும் அவன் காலின் சூடு இருந்தது. ஒரு நிமிடம் மடியில் வைத்திருந்தேன். பிறகு திருப்பி அவன் கையில் வைத்தேன்.

"உனக்கு ஒரு ஜோடி வரும்வரை வச்சுக்கோ செல்வன்."

பேரைச் சொல்லிவிட்டேன்.

அவன் முகம் மலர்ந்தது. "பத்திரமா பாத்துக்கிடுவேன் அண்ணாச்சி. வீட்டுக்குப் போனதும் மூத்தவருகிட்ட சொல்லி..."

"ஏலே," என்றேன், எழுந்து நின்று. "எண்ணெய் மட்டும் போடாதே."